பெரிய மாப்பிள்ளையின் மலை

அந்த வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நிற்பது பெரிய மாப்பிள்ளைதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். குழாய் ஒழுகினாலும், மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தாலும், மாமனார் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அந்த ராஜ மரியாதையில் குளிர்காய்ந்துகொண்டிருந்தவருக்கு, மச்சினியைக் கட்டிக்கொண்டு சின்ன மாப்பிள்ளை வந்து சேர்ந்ததிலிருந்தே வயிற்றில் ஏதோ புளித்துக்கொண்டிருந்தது.

சின்ன மாப்பிள்ளை நீச்சல் சொல்லித் தருபவர். அகலத் தோள், ஒட்டிய வயிறு, வாய் நிறையச் சிரிப்பு. மெக்கானிக்குக்கோ சட்டைப் பொத்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி வந்த மாமனார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி நின்றார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"அந்த அடிவாரம் வரைக்கும் காலம் பூரா சைக்கிள் மிதிச்சிருக்கேன். மேல யாருக்கும் கடுதாசி வரல, அதனால ஏறல. உச்சியிலேர்ந்து பார்த்தா ஏரி முழுசும் தெரியுமாமே."

"அதுக்கென்ன மாமா, ஏற்பாடு பண்ணிடலாம்" என்று சொல்ல மெக்கானிக் வாயைத் திறந்தார். அதற்குள் சின்ன மாப்பிள்ளை போனை நீட்டிவிட்டார். திரையில் மலையின் படம், நடுவே புழு நெளிவது போல ஒரு பாதை.

"வர்ற ஞாயித்துக்கிழமையே போலாம் மாமா. வெயிலுக்கு முன்னாடி கிளம்பிடணும். முக்கால்வாசி தூரம் காடுதான், நிழலாவே போலாம். ரொட்டி, அவிச்ச முட்டை, தண்ணி எடுத்துக்கிட்டா போதும்."

"வெவரமான பிள்ளை" என்றார் மாமனார். மாமியாரும் தலையை ஆட்டினார். போதாததற்கு, மெக்கானிக்கின் சொந்த மனைவியே, "பாருங்க, எவ்வளவு அழகா யோசிக்கிறாரு!" என்றாள்.

மெக்கானிக்குக்குக் காதில் புகை வராத குறை. "மழை பெஞ்சா வழுக்குமே" என்றார். "மழை இல்லண்ணா, பார்த்துட்டேன்." "மாமாவுக்கு முழங்கால்..." "எனக்கென்னப்பா முழங்காலுக்கு?" என்று மாமனாரே மடக்கிவிட்டார். மெக்கானிக் பழத்தட்டை இழுத்து வைத்துக்கொண்டு வாயை அடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பொருமினார். "போன்ல பார்த்தா மலை தெரிஞ்சிடுமா? லிஃப்ட்டோட படத்தைப் பார்த்துட்டு லிஃப்ட்ட ரிப்பேர் பண்ண முடியுமா?"

"உங்களுக்கு ஏன் இப்படி எரியுது?" என்றாள் மனைவி.

"எனக்கா? எரியுதா? நல்லா இருக்கே!"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் முன்கூட்டியே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வழி தெரியாமல் விழிக்கும்போது, சாவகாசமாக, "இப்படி வாங்க மாமா" என்று கூட்டிப் போக வேண்டியது. சின்னவருடைய புழு அப்போது என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

புதன்கிழமை, ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதென்று மனைவியிடம் புளுகிவிட்டு, கருவிப் பையோடு பஸ் ஏறினார். அடிவாரக் கடையில் பையைக் கொடுத்து வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைச் சிரமமில்லாமல் மேலே அனுப்பியவருக்கு, சொந்தக் காலால் ஏறுவது எவ்வளவு பெரிய சங்கதி என்று முதல் வளைவிலேயே விளங்கியது. காட்டுக்குள் ஈர இலை மணத்தது. வேர்கள் காலை வாரின. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் பரந்து கிடந்த வலப்பக்கத்தை நம்பிப் போனார். அது ஓடைக்கரையில் போய் முட்டிக்கொண்டது. திட்டிக்கொண்டே திரும்பி வந்து, புதர் மறைத்திருந்த இடப்பக்க வழியைப் பிடித்தார். 'இது போன்ல தெரியுமா அவனுக்கு?' என்று நினைத்ததில் களைப்புப் பாதி போய்விட்டது.

மரங்கள் விலகிப் பாறை வந்தது. கீழே ஏரி. யாரோ காட்டின் நடுவே வானத்தைக் கிழித்துப் போட்டது போலக் கிடந்தது. மெக்கானிக் இடுப்பில் கை வைத்து, அதைத் தானே வெட்டி வைத்தவர் போலப் பெருமையோடு பார்த்தார்.

"அண்ணா?"

பாறையின் ஓரத்தில், ஒற்றைக் கால் ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார் சின்ன மாப்பிள்ளை.

இருவரும் ஒரே நேரத்தில், "நீங்க எங்க இங்க?" என்றார்கள்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்..." என்று ஆரம்பித்த மெக்கானிக், சுற்றிலும் இருந்த மரங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நீச்சல் குளத்துல தண்ணி மாத்துறாங்கன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்" என்றார் சின்ன மாப்பிள்ளை. "வழி தப்பி மாமா முன்னாடி மூக்கு உடைஞ்சிடக் கூடாதுல்ல? செருப்பில்லாமத் திரியிற காலு, புது ஷூவுக்குக் கொப்பளிச்சிடுச்சு."

மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரை நீட்டினார். கொப்புளம் பெரிதாக இருந்தது. சங்கடப்படுவதற்கு முன் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குண்ணா?" என்றார் சின்னவர். "அந்த வீட்ல எனக்குச் சோறே இறங்க மாட்டேங்குது. குழாயா, பெரிய மாப்பிள்ளை. ஃபேனா, பெரிய மாப்பிள்ளை. என் கல்யாண போட்டோவுக்கு என் பக்கத்துல நின்னுக்கிட்டே மாமா, 'பெரிய மாப்பிள்ளை எங்க, அவர் இல்லாம எப்படி?'ங்கறார். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! இந்த ஒரு மலையாவது என்னுதா இருக்கட்டும்னு பார்த்தேன்."

மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "போட்டோ எடுக்கிறப்ப மாமா என்னன்னு சொன்னார்?"

"அதான் சொன்னேனே."

"சரியா காதுல விழல."

சின்னவர் திரும்பச் சொன்னார். அந்த நிமிடத்தில் மெக்கானிக்குக்கு அந்தப் பையன் மேல் முதல்முறையாகப் பாசம் வந்தது. கொப்பளித்த காலோடு நொண்டியவரைத் தோளில் தாங்கி இறக்கிக் கூட்டி வந்தார். அடிவாரக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். இங்கே வந்ததை இருவரும் வாய் திறக்கக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள். "ஞாயித்துக்கிழமை நீங்களே முன்னால போங்க தம்பி" என்றுகூடச் சொல்லிவிட்டார் மெக்கானிக். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே ஏறியது. பாதை பிரியும் இடத்தில் மாமனார் நின்று, "எந்தப் பக்கம்?" என்றார்.

சின்ன மாப்பிள்ளை மெக்கானிக்கைப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்று, "எனக்குத் தெரியல மாமா. இதெல்லாம் அண்ணாதான் சரியா சொல்வார்" என்றார்.

மெக்கானிக்கின் நெஞ்சு விம்மியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, புதரை விலக்கி, "இப்படி வாங்க மாமா" என்றார்.

மாமனார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சின்ன மாப்பிள்ளையின் முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா எல்லாரும். இவ்வளவும் ஏற்பாடு பண்ணிட்டு, பெரியவங்களுக்கு எப்படி விட்டுக் கொடுக்கிறார்! இந்தக் குணம் யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

மெக்கானிக் புதரைக் கையில் பிடித்தபடியே நின்றார். மற்ற எல்லோரும் அவரைத் தாண்டி, சின்ன மாப்பிள்ளையைப் புகழ்ந்துகொண்டே, ஏரி பார்க்கப் போனார்கள்.