ஒன்பதாவது கேள்வி

தீர்ப்புகளைப் படித்துத்தான் சட்டக் கட்டுரை எழுத வேண்டும் என்பது என் கட்சி. இருபத்தாறு வருடமாகச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வழக்காடிய ஒருவரைக்கூடத் தேடிப்போய்ப் பேசியதில்லை. அவர்கள் அழுவதை எந்த அடிக்குறிப்பில் போடுவது?

சகோதரர்களின் பாகப்பிரிவினை பற்றி நான் அனுப்பிய கட்டுரையைச் சட்ட இதழ் திருப்பி அனுப்பியது. "தீர்ப்புக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின? அவர்களிடமே கேட்டு எழுதவும்" என்று மதிப்பீட்டாளரின் குறிப்பு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பக்கத்து அறை உதவிப் பேராசிரியை, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறவள், சிரித்தாள்.

"உங்க பதினேழாவது அடிக்குறிப்பு வழக்குலயே ஆரம்பிங்க சார். ரெண்டு பேரும் உயிரோடதான் இருப்பாங்க."

இருக்கிறோம். வாதி நான், பிரதிவாதி என் அண்ணன். அடிக்குறிப்பில் ஆண்டும் பக்க எண்ணும்தானே இருக்கும், அது என் வழக்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பிப் பதினொரு வருடம். என் பாதியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கல்லூரிப் பக்கம் வந்துவிட்டேன். பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் யாரோ மூன்றாம் மனிதர்களின் வழக்குபோல அதை நான்கு கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ஒன்பது கேள்விகள் தயாரித்தேன். அண்ணனின் ஃபோன் எண் மனப்பாடமாக இருந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்னடா, உடம்பு சரியில்லையா?"

நல்லா இருக்கேண்ணே என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, கையில் தாளும் இருந்தது.

"ஒரு ஆய்வுக் கட்டுரைக்காக. உங்க பேரு வெளிய வராது. ஒன்பது கேள்வி" என்றேன்.

பேனா மூடியைக் கழற்றினேன்.

"சரி, கேளு."

சாட்சிக் கூண்டில் நிற்பவர்போலச் சுருக்கமாகப் பதில் சொன்னார். நடுச்சுவரில் ஈரம் ஏறுவதையும் சொன்னார். கடைசிக் கேள்வியைப் படித்தேன்: எதிர்த்தரப்புடன் தற்போது உறவு உண்டா?

"ஃபோன் அடிச்சப்ப உண்டுன்னு நெனச்சேன்" என்றார். "இல்லைன்னு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன்.

போன மாதம் கட்டுரை வெளிவந்தது. அதில் உயிருள்ள இடம் அந்த ஒன்பதாவது பதில்தான் என்று மதிப்பீட்டாளர் பாராட்டியிருந்தார். இதழிலிருந்து இரண்டு பிரதி அனுப்பினார்கள். ஒன்று எழுதியவனுக்கு. இன்னொன்று, கொடுக்க ஆளில்லாமல் மேசைமேல் கிடக்கிறது.