வெளி நங்கூரம்

“வெடிமருந்தோட வாற கப்பலைத் துறைமுகத்துக்குள்ள விடமாட்டினமோ?” என்று ஜனார்த்தன் மனைவியிடம் கேட்டிருந்தான், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

“விடமாட்டாங்க. சிவப்புக் கொடிய ஏத்திட்டு வெளியிலயே நங்கூரம் போட்டு நிக்கணும். மருந்து முழுசும் இறங்கினாதான் உள்ள வரலாம்.”

“அப்ப அது எங்கட அப்பாதான்.”

யுவனேஸ்வரி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு, “அந்த மருந்தை ஆர் போய் இறக்கிறது?” என்று கேட்டான்.

“துறைமுகத்துலேர்ந்துதான் படகு போகணும்.”

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்து, வெங்காயம் என்றான்.

சனிக்கிழமை காலை, பிளாட் புஷ் பகுதியில் உள்ள தங்கள் வீட்டின் முன்ஜன்னலில் நின்றபோது அந்தப் பேச்சுதான் அவளுக்கு நினைவு வந்தது. வெளியே நடைபாதை ஓரமாகச் சாம்பல் நிறக் கார் வந்து நின்றுவிட்டது. வழக்கம்போல எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே மாமனார் சபாரத்தினம், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போனபின் ஒற்றை மகனைத் தனியாளாக வளர்த்தவர். மூன்று வருடமாக, நகரின் மறுகோடியான கிளென்ஃபீல்டிலிருந்து பாலம் தாண்டி, தன் கண்ணாடிக் குடிலில் விளைந்த கத்தரிக்காயும் வல்லாரையும் கொண்டு வருகிறார். மகன் போய் ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வான். ஐந்து நிமிடம் கதைப்பார்கள். கார் போய்விடும். வாசற்படியை அவர் மிதித்ததில்லை. இவ்வளவு தூரம் வந்து போகிறவர் நடுவில் எங்கே ஒதுங்குவார் என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, “பெட்ரோல் ஸ்டேஷனிலை” என்றான் ஜனார்த்தன். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் பினாங்குக்காரி. ஆங்கிலேயர் காலத்துத் துறைமுகங்களில் வணிகக் கப்பல்களுக்கு இருந்த சட்டதிட்டங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும், எந்த மூட்டைக்கு என்ன தீர்வை என்று பக்கம் பக்கமாக விதிகள். அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு விதிதான்: கேட்காமல் கரை இறங்கக் கூடாது. படிக்கும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தும். அவளே கேட்காமல் இறங்கியவள். விசா முடியப்போகிறது என்ற அவசரத்தில் ஒரு மதிய இடைவேளையில் பதிவுத் திருமணம். “ஒருதரம் உங்க அப்பாவ நேர்ல பாத்துக் கேட்டுடறேனே” என்று அவள் கெஞ்சத்தான் செய்தாள். “இப்ப வேண்டாம், பிறகு பாப்பம்” என்றான். அந்தப் பிறகு வரவேயில்லை. கேட்க வைத்திருந்த சொற்கள் மட்டும் அவளுக்குள் அப்படியே கிடந்தன.

இன்று ஜனார்த்தன் வீட்டில் இல்லை. மோட்டர்வேயில் மாட்டிக்கொண்டதாக மெசேஜ் வந்திருந்தது. அவள் செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு இறங்கிப் போனாள். கார்க் கண்ணாடி இறங்கியது.

“அவன் இல்லையோ?”

“வழியில ஜாமாம், மாமா.”

மாமா என்ற சொல் தானாக வந்துவிட்டது. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

“அப்ப இதைப் பிடியும்.”

பக்கத்து இருக்கையில் கத்தரிக்காய்ப் பை இருந்தது. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார். அவள் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சபாரத்தினம் ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்தார், பின்னால் யாராவது வந்து காப்பாற்றுவார்களா என்பது போல.

“கோபம்னா என்னையே திட்டிடுங்க மாமா. நான் மலேசியாக்காரிங்கறதாலதானே?”

“ஆர் சொன்னது?” அவர் திரும்பிப் பார்த்தார். “உம்மோட எனக்கென்ன கோபம்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

“அண்டைக்குக் கோயிலிலை ஆனந்தராசா வந்து கையைப் பிடிச்சு வாழ்த்துச் சொல்லுறான். எதுக்கெண்டு எனக்குத் தெரியாது. நானும் தாங்க்ஸ் எண்டு சொன்னன். சிரிச்சுக்கொண்டு. வீட்டை வந்து ஃபோன் எடுத்தாப்பிறகுதான் தெரியும், என்ரை பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதெண்டு.”

அவள் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இவனுக்கு ஒருநாள் பொம்பிளை வீட்டார் வந்து கேப்பினம். வாறவைக்கு வடிவாத் தேத்தண்ணி குடுக்க வேணுமெண்டு ஒரு கப் செட் வாங்கி வைச்சனான். தங்கக் கரை போட்டது. இன்னும் பெட்டி உடைக்கேல்லை. ஒருத்தரும் வந்து கேக்கேல்லை, பிள்ளை. கேட்டிருந்தா நான் மாட்டன் எண்டு சொல்லியிருப்பனோ?”

“வேற இருக்கா மாமா?”

யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார்.

“இல்லை. அவ்வளவுதான்.” பிறகு அவருக்கே வியப்பாகிவிட்டது. “மூண்டு வருசம் தூக்கிக்கொண்டு திரிஞ்சதுக்கு இவ்வளவுதான் இருந்திருக்கு.”

அவருடைய தோள்கள் இறங்கின. அவர் வாசற்படி ஏறாததற்குக் காரணம் அவளுடைய ஊரோ, அவளோ இல்லை. ஒரு கேள்விதான். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் போன ஒரே ஒரு கேள்வி. அது அவளிடம் அன்றைக்கே தயாராக இருந்தது.

காரை விட்டு இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, அவருடைய ஜன்னலுக்கு நேரே நின்றாள். தாம்பூலத் தட்டு எதுவும் கையில் இல்லை. கத்தரிக்காய்ப் பையையே இரண்டு கையிலும் தட்டுப் போல ஏந்திக்கொண்டாள்.

“எங்க வீட்டிலேர்ந்து நான்தான் வந்திருக்கேன் மாமா,” என்றாள். “உங்க மகன எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?”

சபாரத்தினம் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.