சும்மா இருந்த கை

அக்கா நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஆனால் அலுவலகத்திலிருந்து வந்த செய்தியில் அவள் நாள் முழுக்கச் சும்மா இருந்தாள் என்றிருந்தது. இந்த வாரமும் இப்படியே போனால் வேலை இல்லை என்பதையும் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

படித்ததுமே தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கவாதத்தில் அவளுடைய வலது கை விழுந்த பிறகு, திரையிலேயே எழுத்துப் பலகை ஒன்றைச் செய்து கொடுத்தவன் அவன்தான். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு, இடது கையால் மவுஸைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கி, யார் யாரோ பேசியதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவாள். எழுத்து வரும், கீபோர்டில் ஒரு விசையும் அழுந்தாது. அலுவலகமோ ஆட்களைக் கண்காணிக்கப் புதிதாக ஒரு மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தது. அது எழுத்தைப் பார்க்காது. விசை அழுந்துவதை மட்டும் எண்ணித் திரையின் மூலையில் காட்டும். அந்தக் கண்றாவியை எழுதியவனும் அவன்தான். ஒன்று சம்பளத்துக்கு, ஒன்று அக்காவுக்கு. இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேரும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் தன் மேலாளரிடம் போய், எழுத்தையும் சேர்த்து எண்ணும்படி மாற்றிவிடலாம், பெரிய வேலையில்லை என்றான். யாருக்காக என்பதையும் மறைக்கவில்லை. அவர் கோபப்படாமல்தான் கேட்டார்.

"எழுத்த எண்ணினா எங்கேருந்தாவது காப்பி எடுத்து ஒட்டிட்டுத் தூங்கப் போயிடுவாங்கன்னு சொன்னது யாரு? நீதானே? வாங்குறவனுக்கு வேலையா முக்கியம்? விரல் அசையுதான்னு தெரியணும், அவ்வளவுதான்."

சொன்னது அவன்தான். அன்றைக்கு எல்லோரும் பாராட்டியதில் தலைகால் புரியாமல் திரிந்தான். இப்போது எழுந்து வெளியே வந்தான்.

வீட்டில் அக்கா கணினி முன்னால் இருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. நடந்ததை அவன் சொல்லி முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினதெல்லாம் அவங்ககிட்டதானடா இருக்கு. படிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்களா?"

அவனுக்கு அவமானமாக இருந்தது. கீபோர்டை அவள் பக்கம் இழுத்து வைத்தான். மேல் வரிசையில் ஒரு விசை உண்டு; எழுத்து எதுவும் வராது, யாரும் தொடுவதில்லை. மணிக்கட்டைப் பிடித்து அவளுடைய வலது கையைத் தூக்கினான். கனத்தது. ஒரு விரலை அந்த விசையின் மேல் வைத்துக் கையை விட்டான். அழுந்தியே கிடக்கும் விசையை அவனுடைய மென்பொருள் விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும்.

மூலையில் எண் ஏறத் தொடங்கியது. அக்கா அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு, இடது கையால் அடுத்த எழுத்தைத் தேடினாள்.