தங்கச்சி வீட்டுக் கம்பிக் கதவு

என் வீட்டுக்காரர் வெல்டர். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கம்பிக் கதவும் அவர் கைவேலைதான். ஊருக்கெல்லாம் விரல் தடிமன் கம்பி. தன் தங்கச்சி வீட்டில் மாடிப்படி ஏறும் இடத்தில் போட்ட கதவுக்கு மட்டும் இரண்டு மடங்கு. பூட்டில் சுத்தியல் படாதபடி இரும்புத் தகடு வேறு. "எமனே வந்தாலும் திரும்பிப் போகணும்" என்று மீசையை முறுக்கினார். எனக்கு அப்போதே வயிற்றெரிச்சல். எங்கள் வீட்டுக்கு மிஞ்சின கம்பி, தங்கச்சிக்கு என்றால் மனுஷன் கர்ணன்.

காலையில் ஒலிபெருக்கி வண்டி வந்தது. புயலோடு கடலும் தெருவுக்குள் வரும், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றது. கூட்டிப்போக அவள் வீட்டுக்கு ஓடினேன். காலில் மாவுக்கட்டோடு இருந்த நாத்தனார் அசையவில்லை.

"போன தடவையும் இப்படித்தான் கத்தினாங்க அண்ணி. கணுக்கால் அளவுகூட வரல. வந்தா மாடிக்குப் போயிட்டாப் போச்சு."

"மாடிக் கதவுச் சாவி எங்க?"

அவள் முகம் மாறியது. சாவி அவள் புருஷன் இடுப்பில். அவரோ படகைக் கட்ட விடிகாலையிலேயே அக்கரைக்குப் போய்விட்டார். மாற்றுச் சாவியும் அதே வளையத்தில்! திருடனுக்குப் பயந்து செய்த புத்திசாலித்தனம்.

"வா, இப்பவே கிளம்பலாம்" என்றேன்.

"அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. அறுத்துடுவாரு. அஞ்சு நிமிஷ வேலை."

நானும் கேட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவரும் நானும் மெஷினோடு திரும்பியபோது பள்ளிக்கூடச் சாலையில் இடுப்பளவுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. அவளைத் தூக்கிக்கொண்டு அதைக் கடக்க முடியாது. இனி மாடிதான் கதி.

ஆள் நுழைய மூன்று கம்பி அறுபட வேண்டும். ஒன்று அறுந்தது. இரண்டாவதில் பாதிக்கு வரும்போது கரண்ட் போனது.

கை ரம்பத்தை எடுத்தார். வாசற்படியைத் தாண்டி அழுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் கூடத்துக்குள் வந்தது. நாத்தனாரை மேசைமேல் உட்காரவைத்தேன். ஒரு பிளேடு உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. அவர் விரலில் ரத்தம். தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது. இந்த ஒரு வேலையையாவது இந்த மனுஷன் மட்டமாகச் செய்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே அழுதேன்.

நாத்தனார் அழவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏண்ணே, எனக்குன்னா மட்டும் ஏன் இவ்வளவு நல்லா செஞ்ச?"

அவர் கடைசி பிளேடை மாட்டிக்கொண்டிருந்தார்.