வீரன் கோயிலில் ஒரு புது மணி

எழுபத்தொன்றா எழுபத்திரண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. பொன்னுத்தாய் கோயில் மணிகளைத் துலக்கிக்கொண்டிருந்தது மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. அதைக்கூடப் பிறர் சொல்லிக் கேட்டு, நானே பார்த்ததாக நம்பிவிட்டேனோ என்னவோ.

கூலி நெல் அரைப்படி கூடக் கேட்ட தகராறில் மிராசுதாரின் வைக்கோல் போர் எரிந்தது. போலீஸ் தேடிய பேர்களில் அவள் தம்பி தங்கையன் பேரும் இருந்தது. அன்று ஊரைவிட்டுப் போனவன்தான். வழக்கு மறுவருஷமே தள்ளுபடியாகிவிட்டது. அது தெரியாமல் எங்கோ பயந்து கிடக்கிறானே என்பதுதான் அவளை அரித்தது. வேலையில்லாத நாளெல்லாம் நாகப்பட்டினம் துறைமுகம், கும்பகோணம் நெல் மில் என்று அலைந்தாள். "தங்கையன்னு ஒருத்தன்..." என்று ஆரம்பிப்பாள். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

வீரன் கோயில் அவர்கள் வகையறாவுக்கு மட்டும் உரியது. மொத்தம் பதினொரு குடும்பம். வேண்டுதல் பலித்தவர்கள் தங்கள் பேர் வெட்டிய மணியைக் கட்டுவார்கள். வெளியார் கட்டுவதில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் புளி போட்டு மணிகளைத் துலக்குவது பொன்னுத்தாயின் வேலை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கற்ற எழுத்தைக் கூட்டிக் கூட்டி ஒவ்வொரு பேராகப் படித்தாள். தம்பி பேர் இந்த வருஷமும் இல்லை.

புது மணி ஒன்றில் 'இளவழுதி, நாகூர்' என்றிருந்தது.

"இது யாரு சித்தப்பா?" என்று பூசாரி ஐயாவுவைக் கேட்டாள்.

"யாரு கண்டா? போன மாசம் ஒரு பாய் லாரிய நிறுத்திக் குடுத்துட்டுப் போனாரு. நாகூர்ல தேங்கா மண்டி வச்சிருக்காராம். அவரு ஆளோட வேண்டுதலாம்."

"வெளியாளு மணிய ஏன் கட்டுனீங்க?"

"அவ்வளவு தூரம் கொண்டாந்தவர்கிட்ட வேணாங்கிறதா? நம்ம வீரன் நாகூர் வரைக்கும் போயிட்டாரேன்னு நானே மலைச்சுப் போயிருக்கேன், நீ வேற."

பொன்னுத்தாயின் கையிலிருந்த புளி காய்ந்து இறுகியது. பதினொரு வீட்டிலும் தொட்டில் பிள்ளை வரை எண்ணிப் பார்த்தாள். அந்தப் பேரில் ஒருவருமில்லை. ஆனால் வீரனுக்கு வேண்டிக்கொள்ள வேறு யாருக்குத் தோன்றும்?

"சித்தப்பா, நான் தெரிஞ்ச பேரையே தேடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். தெரியாத பேரையில்ல தேடியிருக்கணும்?"

மறுநாள் திருவிழாவுக்குக்கூட நிற்காமல் முதல் பஸ் ஏறினாள்.

மண்டி வாசலில் நின்று, "இளவழுதி!" என்று கூப்பிட்டாள். தேங்காய் மூட்டையோடு ஒருவன் திரும்பினான். பெரிய மீசை வைத்திருந்தான். மூட்டை நழுவி விழுந்தது.

"அக்கா, நீ ஏன் வந்தே? போலீஸ்..."

"கேசே இல்லடா. தள்ளுபடியாகி ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது."

அவன் விழித்தான். "போலீஸ் கையில சிக்கலன்னுல்ல வீரனுக்கு மணி கட்டுனேன்!"

"தேடாத ஆளு எப்புடிடா சிக்குவான்?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் அழுதாள்.

"பேரு யாருடா வச்சது?"

"இங்க தமிழ் மன்றத்துல வச்சாங்க. அகிலாண்டமும் அப்புடித்தான் கூப்புடுது."

"அது யாரு அகிலாண்டம்?"

அவன் மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

தங்கையன் ஊருக்குத் திரும்பவில்லை. நாகூரிலேயே இளவழுதியாக இருந்து, வருஷம் தவறாமல் மனைவி மக்களோடு திருவிழாவுக்கு வந்தான். பொன்னுத்தாய்க்குக் குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்தது. மிராசுதார் பாதி நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்குக் குடிபோனார். ஐயாவு இரண்டு வருஷத்தில் இறந்தார். அவருக்குப் பின் அவர் மகன் பூசாரியானான்.