கார் கொட்டகையின் புதிய எண்

டெல்பர்ட் தம் கார் கொட்டகைக் கதவைத் திறக்கும் எண்ணை மாற்றியது திருடனுக்கு அஞ்சியல்ல; சோடாவுக்காக. ஆம், வெறும் சோடாவுக்காக! கொட்டகையிலிருந்த ஃபிரிட்ஜில் டப்பாக்கள் குறைவதை அவர் கண்டுபிடித்திருந்தார். கதவின் எண் தெரிந்த வெளியாள் எதிர்வீட்டு ட்விலா ஒருத்திதான்.

"சோடாவைக் கடையில விக்கிறாங்கன்னு அவளுக்கு யாரும் சொல்லல போல," என்றார் டெல்பர்ட்.

"நம்பர் எதுக்குக் கொடுத்தோம்னு மறந்துபோச்சா?" என்றாள் மனைவி வாண்டா.

மறக்கவில்லை. ட்விலாவின் வீட்டில், வீடுகளையே பெயர்க்கும் சுழற்காற்றுக்குப் பதுங்கும் குழி கிடையாது. இவர்களுடைய குழி கொட்டகைத் தரைக்கு அடியில் இருந்தது. ஊரின் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் அவள் ஓடிவந்து, வெளிச்சுவரில் உள்ள பொத்தான்களில் எண்ணை அழுத்தி, குழந்தையோடு இறங்கிக்கொள்ளலாம். சாவி வேண்டாம், எவரையும் கூப்பிட வேண்டாம் என்று அவ்வசதியைப் பெருமையோடு விளக்கியவரும் டெல்பர்ட்டே.

"மாத்தினதை நீயே அவகிட்ட பக்குவமாச் சொல்லிடு," என்றார். ஒப்புக்கொண்ட வாண்டா சொல்லவில்லை. காரணம் கேட்டால் எந்த முகத்தோடு சோடா என்பது?

மே மாதப் பிற்பகல் ஒன்றில், சுழற்காற்றுக்கு அறிகுறியாக வானம் பச்சை நிறமாகிச் சங்கு ஊதியது. இருவரும் குழிக்குள் இறங்கி இரும்பு மூடியை இழுக்க முற்பட்டபோது, வெளியே பொத்தான்கள் ஒலித்தன. தவறான எண்ணுக்குரிய நீண்ட கூவல் தொடர்ந்தது. மறுபடியும் கூவல். பிறகு கதவைக் கையால் அறையும் சத்தம்.

வாண்டா மேலேறி உள்பக்க விசையை அழுத்தினாள். கதவு பாதி எழுவதற்குள் குழந்தையை அணைத்தபடி ட்விலா குனிந்து நுழைந்தாள்.

"மன்னிச்சுக்குங்க மிஸ்டர் டெல்பர்ட்," என்றாள் குழிக்குள் வந்ததும். "அவசரத்துல ஓடிவந்தேன். நம்பரைத் தப்புத் தப்பா அழுத்திட்டேன்."

"மழையில பொத்தான் சரியா வேலை செய்யாதும்மா," என்றார் டெல்பர்ட், அவள் முகத்தைப் பாராமல்.

வாண்டாவுக்குக் காது மடல்கள் எரிந்தன. "நீ சரியாத்தான் அழுத்தினே, கண்ணு. நம்பரை நாங்க மாத்திட்டோம். உங்கிட்ட சொல்லல."

மேலே காற்று இரைந்தது.

"ஏன்?"

"ஃபிரிட்ஜுல சோடா..." என்று இழுத்தார் டெல்பர்ட்.

"வேணுங்கிறப்போ எடுத்துக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க புல்லை வெட்டிக் கொடுத்தப்போ?"

அவர் சொல்லியிருந்தார். இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காற்று ஓய்ந்தபின் அவர் புதிய எண்ணைக் கூறினார். அவள் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளவே, மீண்டும் கூறினார்.

"வேண்டாங்க. அடுத்த தடவை சர்ச்சு நிலவறைக்குப் போயிக்கிறேன்."

"அது ரொம்ப தூரமாச்சே!" என்று பதறினாள் வாண்டா.

"தூரந்தான்," என்ற ட்விலா, குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.