பதினாலாம் நம்பர் ஸ்டாம்ப்

மூன்று தடவை சோப்புப் போட்டும் கட்டைவிரலில் ஒட்டியிருந்த நீல மை போகவில்லை. அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டுதான் லேபர் கோர்ட்டில் கம்பெனித் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினேன். ஏறி, வாயைத் திறந்து சொன்னது பச்சைப் பொய்.

"ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலையே இப்போ எங்க கம்பெனியில இல்லீங்கம்மா. கேமரா மெஷின் பார்த்துக்குது."

ஜட்ஜம்மா எழுதிக்கொண்டார். எதிரே உஸ்மான் கனி பாய் நின்றிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர். வேலை ஒழிந்துபோனது, ஆட்குறைப்பு என்று சொல்லி மார்ச் மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். வேலை நிஜமாகவே ஒழிந்திருந்தால் பாய் தோற்பார். ஒழியவில்லை என்றால் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கும். கேஸ் அவ்வளவுதான்.

எங்கே ஒழிந்தது? என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது! கேமரா மெஷின் வந்த வாரமே பழுதாகி, பிளாஸ்டிக் உறைக்குள் மூலையில் கிடக்கிறது. பாகங்களைச் சரிபார்த்தவர் பெட்டியில் குத்தும் ஸ்டாம்ப்புகளில், எங்களிடம் பாகம் வாங்குகிற பெரிய கம்பெனி ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். பதினாலு, பாயுடைய நம்பர். அது இல்லாத பெட்டியை லாரியிலிருந்து இறக்கவே மாட்டார்கள். அதனால் ஏழு மாதமாகப் பாகங்களைப் பார்ப்பவன் நான், பெட்டியில் நீல மையில் விழுவது பாய் நம்பர்.

சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது எச்.ஆர். கிருஷ்ணப்பிரியா மேடம் சாதாரணமாகத்தான் சொன்னார், "அடுத்த லிஸ்ட்ல யார் பேர் வரும்னு எனக்கே தெரியாது அமல்ராஜ்." என் மகள் ரோஷினி பன்னிரண்டாம் வகுப்பு. பயந்துவிட்டேன். பயந்தவனுக்கா சாக்கு கிடைக்காது? பதினோரு வருஷம் பாயின் டிபன் கேரியரில் கைவிட்டுத் தின்றவன் நான். அவர் மனைவி வஹீதுன்னிசா அக்கா எனக்கும் சேர்த்துத்தான் பிரியாணி கட்டுவார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகத்தான் படித்திருக்கிறேன்.

பாய்க்கு வக்கீல் இல்லை. "சாட்சியை ஏதாவது கேக்கணுமா?" என்றார் ஜட்ஜம்மா. பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மூடிய கையைப் பார்த்தார்.

"இல்லீங்கம்மா."

வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றார். நன்றாக நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருந்தது.

"வெறும் சோப்புல போவாது மாமே. தேங்காண்ண தேச்சிகினு அப்பால சோப்பு போடு."

"பாய், இன்னாத்துக்கு ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவே. ஒண்ணு போதும்னு உட்டுட்டேன்."

சீ! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். மை போய்விட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஷிப்ட்டில் அந்த ஸ்டாம்ப்பைத் தொடக் கை வரவில்லை. என் சொந்த நம்பர் இருபத்திரண்டு. நாற்பது பெட்டிக்கும் அதையே குத்தி அனுப்பினேன். மதியச் சாப்பாட்டுக்குள் லாரி அப்படியே திரும்பி வந்தது. கிருஷ்ணப்பிரியா மேடம் ஸ்டோருக்கே வந்துவிட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க அமல்ராஜ்?"

"செக் பண்ணது நான் மேடம். என் நம்பரைக் குத்தினேன்."

"அவங்களுக்குப் பதினாலுதானே வேணும்?"

"அப்போ பதினாலைக் கூப்பிடுங்க."

சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்ததென்னவோ நிஜம். மேடம் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எந்த வேலைக்குக் கூப்பிடணும்? அந்த வேலையே இல்லைன்னு நேத்து கோர்ட்ல நீங்கதானே சொன்னீங்க?"

கூண்டில் சொல்லவேண்டியதை ஸ்டோர் ரூமில் சொல்லுகிற மகா வீரன் நான்! என் வாயால் நானே மூடிய கதவு அது.

சாயங்காலம் பஸ் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போனேன். தெருவிலேயே தம் போட்ட பிரியாணி வாசனை அடித்தது. பாய்தான் கதவைத் திறந்தார்.

"பாய், ஏழு மாசமா உங்க நம்பரைத்தான் குத்திகினு கீறேன். கோர்ட்ல சொன்னது பொய்."

"எனக்குத் தெரியும்டா. ஜட்ஜம்மாவுக்குத் தெரியாதே."

"அங்கியே வந்து சொல்றேன். திரும்பவும் கூண்டுல ஏத்தச் சொல்லுங்க. வேலை போனா போவட்டும்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "யாரு, அமல்ராஜா? உள்ள வரச் சொல்லுங்க, தட்டு வெக்கிறேன்."

பாய் நிலைப்படியை விட்டு நகரவில்லை. கதவில் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"சொல்லிட்டு வா மாமே," என்றார். "அப்பால துன்னலாம்."